அணையாடையின் விலை

குழந்தையைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடிய பெருமை நம் மொழிக்கு உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று ஒவ்வொரு பருவத்திற்கும் ஒவ்வோர் அழகு. ஒவ்வோர் அழகிற்கும் பப்பத்துப் பாட்டு. ஆயின் முதற் பருவமாகிய காப்பு, குழந்தையின் மூன்றாந் திங்களிலேயே தொடங்குவதாகப் பெரும்பாலான பாட்டியல் நூலார் கொண்டனர். அதற்கு முந்திய இரண்டு திங்கள்களுக்குப் பிள்ளைத்தமிழில் இடமில்லை.

தாய் உறங்காத திங்கள்கள் அவை. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் நாளொன்றுக்குப் பத்து முறையேனும் நனைந்த துணியை எடுத்து, வேறு துணியை வைத்து, எடுத்ததை அலசி, சோப்பிட்டு, காயவைத்து, மடித்து, மீண்டும் நனைவதற்கு ஆயத்தமாக அடுக்கிவைக்கும் காலம். பொற்றொட்டிலும் பட்டு மெத்தையும் பாடிய புலவன் இந்த உழைப்பைக் காணவில்லை. அவன் காணாததற்குக் காரணம் உண்டு. அந்தத் துணியை அவன் துவைக்கவில்லை.

பச்சிளங் குழந்தைக்குக் கீழே விரிக்கும் துணிக்கு 'அணையாடை' என்ற அழகிய சொல் நம் அகராதிகளில் இருக்கிறது. மட்டக்களப்பில் அதனைச் 'சீலைத் துணி' என்றும் 'பழந்துணி' என்றும் சொல்வர். கடைக்குச் சென்றால் 'நப்பி' என்று கேட்பர். பெயர் எதுவாயினும், புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு எந்தத் துணியை, எவ்வளவு துணியை, எந்த விலையில் வாங்குவது என்ற கேள்வி ஒவ்வொரு ஏழைக் குடும்பத்தின் வாசலிலும் வந்து நிற்கிறது. இஃது அற்பமான வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்தத் துணியின் ஓர் இழையைப் பற்றிக்கொண்டு நடந்து பார்த்தால், அது நம்மை மருதமுனை நெசவாளியின் தறிக்கும், வாவிக்கரையின் வண்ணார் துறைக்கும், மான்செஸ்டர் ஆலைக்கும், கொழும்பு அரசாங்க சபைக்கும் அழைத்துச் செல்கிறது. குழந்தையின் ஈரத்துணியில் ஒரு தேசத்தின் பொருளாதார வரலாறு ஊறிக் கிடக்கிறது.

பழஞ்சீலையின் விஞ்ஞானம்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடலாகாது என்பது நம்மிடையே நெடுங்காலமாய் உள்ள வழக்கம். கண்ணூறு படும் என்பார்கள். தீய ஆவிகள் பொறாமை கொள்ளும் என்பார்கள். மூடநம்பிக்கை என்று இதனை ஒரே வீச்சில் தள்ளிவிடுபவர் பாதி உண்மையையே கண்டவராவார். வழக்கத்திற்குச் சொல்லப்பட்ட காரணம் பொய். வழக்கமோ அனுபவத்திற் பிறந்தது.

பருத்தியின் இயல்பை நோக்குவோம். பருத்தி இழையின் மேற்புறத்தில் இயற்கையாகவே ஒருவகை மெழுகு படிந்துள்ளது. நெசவின்போது பாவு நூல் அறுந்துபோகாதிருக்கக் கஞ்சிப் பசை ஏற்றுகிறார்கள். மெழுகும் பசையும் நீரை உள்ளே விடா. ஆதலால் தறியிலிருந்து இறங்கிய புதுத்துணி நீரை உறிஞ்சாது. அதன் விறைப்பு குழந்தையின் தோலையும் உராயும். ஐம்பது முறை துவைத்து, ஐம்பது முறை வெயிலிற் காய்ந்த சீலையில் மெழுகும் இல்லை, பசையும் இல்லை. இழை பஞ்சாகி நிற்கும், நீரை இழுத்துக்கொள்ளும். வேதியியல் படியாத அம்மம்மாவும் உம்மம்மாவும் இதனைக் கையால் அறிந்திருந்தனர்.

மட்டக்களப்பின் சமூக அமைப்பும் இவ்வழக்கத்திற்குத் துணை நின்றது. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடிவழி தாய்வழியாகவே எண்ணப்பட்டுவந்த நாடு இது. வீடு மகளுக்குச் சீதனமாய்ப் போகும். மருமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். ஆகவே பிள்ளைப்பேறு பெரும்பாலும் தாயின் நிழலில், தாயின் வீட்டிலேயே நிகழ்ந்தது. மகள் கருவுற்ற செய்தி கேட்ட நாள்தொட்டு, கிழிந்த சீலைகளையும் நைந்த சாரன்களையும் எறியாமல் மடித்துவைப்பது தாயின் கடமையாயிற்று. அந்தச் சீலைகளுள் ஒன்று வளையில் ஏணையாகத் தொங்கும், மற்றவை அணையாடையாகும்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு யார் நீளமுள்ள சேலை 216 அங்குலம். அகலம் 45 அங்குலம் என்று கொள்வோம். நீளத்தில் 24 அங்குலத்திற்கு ஒன்றாக வெட்டினால் ஒன்பது துண்டு. அகலத்தை இரண்டாக்கினால் பதினெட்டு. மூட்டுப் பிரித்த சாரனொன்றில் இவ்வாறே ஆறு துண்டு தேறும். ஒரு பழஞ்சேலையும் ஒரு பழஞ்சாரனும் சேர்ந்தால் இரண்டு டசின் துணி. ஒரு குழந்தைக்குக் கோடை காலத்தில் இது போதும். செலவு ஒரு சதமும் இல்லை.

செலவு இல்லையா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று பழமொழி சொல்கிறது. கசக்குவது யார் என்பதை அது சொல்வதில்லை.

வெளுத்த கைகள்

பிள்ளைப்பேற்றைத் 'துடக்கு' என்று விலக்கிவைத்தது நம் சமுதாயம். தமிழ் வீட்டில் முப்பத்தொரு நாள்; முஸ்லிம் வீட்டில் நாற்பது நாள். அந்நாட்களில் தாயும் சேயும் பயன்படுத்திய துணி தீட்டுத் துணி. அதனைத் தொட்டு எடுத்துச் சென்று வெளுப்பது வண்ணார் குடும்பத்துப் பெண்ணின் கடமை. சாமத்தியத் துணியும் அவளுக்கே. சாவீட்டுத் துணியும் அவளுக்கே. தீட்டுக் காலத்தில் உடுக்க 'மாற்று' கொண்டுவந்து கொடுப்பவளும் அவளே. இந்தக் 'குடிமை' முறையில் அவளுக்குக் கிடைத்தது அறுவடைக் காலத்து நெல்லும், சடங்கு நாளில் ஒரு பங்கும். தமிழ் ஊர்களில் பேறு பார்த்த மருத்துவிச்சியும், முஸ்லிம் ஊர்களில் பேறு பார்த்த ஒஸ்தா மாமியும் இவ்வாறே தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டவர்கள். ஊரின் அத்தனை உயிர்களையும் கையேந்தி வாங்கியவர்களை ஊர் திண்ணையில் ஏற்றவில்லை.

வண்ணாரின் தொழில் எத்தகையது? உவர்மண்ணைக் கரைத்து அந்நீரில் துணியை ஊறவைப்பர். பின்னர் பெரிய சாலில் நீர் கொதிக்க, அதன்மேல் துணிகளை அடுக்கி ஆவியில் வேகவைப்பர். இதுவே வெள்ளாவி. உவர்மண்ணிலுள்ள காரம் அழுக்கின் கொழுப்பைக் கரைக்கும்; கொதியாவி நோய்க்கிருமிகளை அழிக்கும்; அதன்பின் வெயில் எஞ்சியதை முடிக்கும். லூயி பாஸ்டர் கிருமிகளைப் பற்றி ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொல்வதற்கு எத்தனையோ தலைமுறை முன்னரே, நம் வண்ணார் துறைகளில் துணி கிருமி நீங்கி வெளிவந்துகொண்டிருந்தது.

எத்துணைப் பெரிய முரண்பாடு இது! ஊரிலே துணியை உண்மையாகவே தூய்மை செய்தவரை ஊர் 'தூய்மையற்றவர்' என்றது. அவர் வெளுத்த வெள்ளையைக் கோயிலிலே பந்தலாகக் கட்டிற்று. திருமணத்திலே நிலபாவாடையாக விரித்து நடந்தது. எந்தக் குடிக்கு எத்தனை வெள்ளை என்று அதைக்கொண்டே தன் மானத்தை அளந்தது. வெளுத்தவரையோ வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. பழந்துணி மலிவானது என்று நாம் கொண்டாடும்போது, அந்த மலிவின் ஒரு பகுதி இந்தக் கைகளிலிருந்து பறித்தெடுக்கப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. அணையாடையின் விலையை முதலிற் கொடுத்தவள் அவளே.

குடிமை முறை தளர்ந்து, அவர்தம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்று, வேறு தொழில்களுக்குப் போனது முன்னேற்றம், ஐயமில்லை. ஆயின் அவர் விட்டுச்சென்ற வேலையைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ளவில்லை. அந்தச் சுமை முழுவதும் அந்தந்த வீட்டுப் பெண்ணின் தலையில் இறங்கிற்று. ஒரு சாதியின் இலவச உழைப்பு, ஒரு பாலின் இலவச உழைப்பாக மாறிற்று.

தறியும் கப்பலும்

இனித் துணி வந்த வழியைப் பார்ப்போம்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணற்பரப்பிலே, காத்தான்குடியிலும் தெற்கே மருதமுனையிலும் பல தலைமுறையாகத் தறி ஒலித்துவந்திருக்கிறது. மருதமுனை 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. அவ்வாண்டு பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில் இன்று அடங்குகிறது. ஆண் தறியில் இருப்பான். பெண் நூல் சுற்றுவாள். பிள்ளைகள் தார் எடுத்துக் கொடுப்பர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, தமிழ் விவசாயி நெல் விளைத்தான். நெல் கிழக்கே வந்தது. துணி மேற்கே போயிற்று. முஸ்லிம் நெசவாளியின் சாரன் நைந்து தமிழ்க் குழந்தையின் அணையாடையாயிற்று. இன ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் முழங்குவோர் இந்தச் சிறு துணியைக் கையில் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் இந்தத் தறி ஒருநாளும் தனித்து இயங்கவில்லை. நமது தீவு தனக்கு வேண்டிய துணியின் பெரும்பகுதியை எக்காலத்தும் வெளியிலிருந்தே பெற்றது. ஒல்லாந்தர் 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1658 இல் நாகபட்டினத்தையும் எடுத்தனர். சோழமண்டலக் கரையின் துணி அவர்தம் கீழைத்தேய வாணிகத்தின் உயிர்நாடியாயிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. உலகுக்குத் துணி கொடுத்த இந்தியா, லங்காஷயர் ஆலைகளின் சந்தையாக்கப்பட்டது. இராட்டையும் தறியும் எவ்வாறு நொறுக்கப்பட்டன என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1853 இல் நியூயோர்க் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். கோப்பியும் தேயிலையும் ஏற்றிச் சென்ற கப்பல் வெறுமனே திரும்புவதில்லை. அது சீத்தையும் வெள்ளைத்துணியும் கொண்டுவந்தது. காந்தியடிகள் 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தபோது, தறியின் கேள்வி இங்கும் அரசியற் கேள்வியாயிற்று.

1930களில் இன்னொரு மாற்றம். யப்பானியத் துணி மிக மலிவாக வந்திறங்கிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் கூலி வீழ்ந்து, தேங்காய் விலை வீழ்ந்து, கந்தல் உடுத்திருந்த மக்களுக்கு அது ஒரு வாய்ப்பு. லங்காஷயர் முதலாளிகளுக்கோ அது வயிற்றெரிச்சல். 1934 இல் பிரித்தானிய அரசு தன் குடியேற்ற நாடுகளில் யப்பானியத் துணிக்கு அளவுக்கட்டுப்பாடு விதிக்கப் பணித்தது. மக்கள் தெரிவுசெய்த இலங்கை அரசாங்க சபை அதற்கு இணங்கவில்லை. சபையை மீறி, முடியின் ஆணையாகவே அந்தக் கட்டுப்பாடு இந்நாட்டின்மேல் சுமத்தப்பட்டது. மான்செஸ்டர் ஆலையின் இலாபத்துக்காக, இலங்கை ஏழைத் தாய் தன் குழந்தையின் துணிக்குக் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதாயிற்று.

அதே 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் மலேரியாக் கொள்ளைநோய் வெடித்தது. 1935 இல் இத்தீவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. நாலில் ஒன்றுக்கும் மேல்! ஏகாதிபத்தியம் என்ற சொல் புத்தகத்துச் சொல் என்று எண்ணுவோர், இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது தற்செயலன்று. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1933 இல், வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பின்னாளில் அக்கட்சியை அமைத்தோருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அத்தொழிலாளருள் பலர் மலையாளிகள். தொழிலாளரை மலையாளி என்றும் சிங்களவர் என்றும் பிரிக்கும் சூழ்ச்சி அன்றே தலைகாட்டிற்று. துணியின் வரலாற்றில் இந்த நஞ்சும் கலந்தே வருகிறது.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் துணி எங்கும் அரும்பொருளாயிற்று. பிரித்தானியாவிலே 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உடைக்குக் கூப்பன். ஆயின் அங்கே கருவுற்ற பெண்களுக்குக் குழந்தைத் துணிக்கென்றே மேலதிகக் கூப்பன் வழங்கப்பட்டது. அதே பேரரசின் கீழிருந்த வங்காளத்தில், 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் அதனைத் தொடர்ந்த துணிப் பஞ்சத்தையும் அனுபவித்த பெண்கள், உடுக்கத் துணியின்றி வீட்டைவிட்டு வெளிவர முடியாமற் கிடந்தனர். ஒரே மகுடம், இருவகைத் தாய்மார்.

மருத்துவமாதின் பை

இருண்ட இந்த வரலாற்றில் ஒளி தரும் அத்தியாயம் ஒன்றும் உண்டு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகச் செல்லும் முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாம்பலையும் சாணத்தையும் வைத்து அழுக்குத் துணியாற் கட்டுவதால் ஏற்பு நோய் உண்டாகிறது. கொதிக்கவைத்த துணியும் கழுவிய கையும் அதனைத் தடுக்கும். இந்த எளிய உண்மையை அவள் தன் பையில் சுமந்து சென்றாள். சிசு மரண வீதம் 1946 இல் ஆயிரத்துக்கு 141. 1947 இல் 101. டி.டி.ரி. மருந்து மலேரியாவை ஒடுக்கியது இவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணம். இலவசக் கல்வியும் உணவு மானியமும் தாய்மார் சிகிச்சை நிலையமும் அதனை நிலைபெறச் செய்தன. செல்வம் குறைந்த நாடும், பொதுப்பணத்தைச் சரியான இடத்தில் செலவிட்டால், தன் குழந்தைகளைக் காக்கலாம் என்பதற்கு இலங்கை உலகுக்கே எடுத்துக்காட்டாயிற்று. ஆனால் அரிசியைக் கூப்பனில் கொடுத்த அரசு, மருத்துவத்தை இலவசமாக்கிய அரசு, குழந்தையின் துணியை வீட்டு விவகாரமாகவே விட்டுவிட்டது.

திறந்த கதவு

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் கைத்தறி தழைத்தது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியே நூல் பங்கிடப்பட்டது. மருதமுனைச் சாரனும் சேலையும் தீவெங்கும் பெயர் பெற்றன. நூல் தட்டுப்பாடும், கடைவாசலில் நீண்ட வரிசையும், கள்ளச்சந்தையும் அக்காலத்தின் மறுபக்கம். அதனை மறைக்க வேண்டியதில்லை. உள்நாட்டுத் தொழிலைக் காத்தவர்கள் உள்நாட்டு நூலை உரிய அளவில் உண்டாக்கவில்லை. துணிக்கு வரிசையில் நின்ற மக்களின் சலிப்பை எதிர்க்கட்சி அறுவடை செய்தது.

1977 இல் பொருளாதாரத்தின் கதவு திறக்கப்பட்டது. வெளிநாட்டு ஆலைத்துணி வெள்ளமாய்ப் புகுந்தது. தீவின் கைத்தறிகளிற் பெரும்பாலானவை ஓய்ந்தன. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி இக்கரையோரத்தைச் சிதைத்தது. அதே 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. நாடு உலகத்துக்கெல்லாம் ஆடை தைத்துக் கொடுத்தது. அத்துணியோ பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. தறியை இழந்து, தையல் ஊசியைப் பெற்றோம்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்கவேண்டும். மலிவாக வந்த துணியிற் பெரும்பகுதி பொலியெஸ்டர் கலந்தது. அது கிழியாது, மங்காது, உழைக்கும் மக்களுக்கு அது வசதியே. ஆயின் அது நீரை உறிஞ்சாது. தாய் செயற்கை இழைச் சேலை உடுத்தத் தொடங்கிய அன்றே, அடுத்த தலைமுறையின் அணையாடை மறைந்துவிட்டது. பழஞ்சேலை வீட்டில் இருக்கிறது, குழந்தைக்கு உதவாது.

அதன்பின் போர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தாய்மாரும் குழந்தைகளும் உட்படத் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். நெல்லும் துணியும் சென்றுவந்த பாதையில் அச்சம் குடியேறிற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து மருதமுனையையும் கல்லடியையும் காத்தான்குடிக் கரையையும் விழுங்கிற்று. கிணறுகளில் உப்புநீர் புகுந்தது. உவர்நீரிலே சோப்பு நுரைக்காது என்பது வாவிக்கரைப் பெண்கள் அறிந்த செய்தி. அன்று நல்ல நீர்க் கிணறுகளும் வாவியைப்போல் ஆயின. 2006 இலும் 2007 இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் பல்லாயிரவராய் இடம்பெயர்ந்தனர். கூடாரத்திலே பிறந்த குழந்தைக்கு அம்மம்மாவின் மரப்பெட்டி இல்லை. அதிலே மடித்துவைத்த பழஞ்சீலையும் இல்லை.

எறியும் ஆடை

இவ்வாறு பழைய வழி அடைபட்ட இடத்திலே, புதிய பண்டம் ஒன்று வந்து நின்றது. அமெரிக்காவின் புரொக்டர் அன் காம்பிள் நிறுவனம் 1961 இல் 'பம்பர்ஸ்' என்ற எறியும் அணையாடையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1980களில் நீரை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்ளும் செயற்கைத் துகள் அதிற் சேர்க்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் பெயர் அப்பண்டத்துக்கே பெயராகி, இன்று வாகரையிலும் 'பம்பர்ஸ்' என்றே கேட்கிறார்கள்.

இதனை வாங்கும் தாயைச் சோம்பேறி என்று ஏசும் குரல்கள் உண்டு. அக்குரல்கள் பெரும்பாலும் துணி துவைக்காத ஆண்களுடையவை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண், கூலிக்குப் போகும் பெண், நீருக்கு அரைமைல் நடக்கும் பெண், சத்திரசிகிச்சைக்குப் பின் குனிய முடியாத பெண் ஆகியோருக்கு இரவில் ஆறு மணி நேர உறக்கம் தருகின்ற பண்டம் அது. அதன் பயனை மறுப்பது நேர்மையாகாது. கேள்வி, அந்த உறக்கத்திற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பதே.

நாளொன்றுக்கு ஆறு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 2,190. அத்தனையும் ஒருமுறை நனைந்து எறியப்படுபவை. அதிலுள்ள மரக்கூழும் உறிஞ்சுதுகளும் கடல் கடந்து வருபவை. டொலரால் விலை பேசப்படுபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. ஏப்ரல் 12ஆம் நாள் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். நாட்கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பொதி எட்டாத பொருளாயிற்று. ஒரு பொதியை நீட்டித்துப் பயன்படுத்த ஈரத்தோடு நெடுநேரம் வைத்திருந்தால் குழந்தையின் தோல் புண்ணாகும். பணக்காரக் குழந்தைக்கு வசதியான பண்டமே ஏழைக் குழந்தைக்கு நோய்க்கு வழியாகிறது.

எறிந்தது எங்கே போகிறது? நெருக்கமாக வீடுகள் அமைந்த எழுவான்கரை மணலிலே புதைக்கவும் இடமில்லை. வாவியோரக் கண்டல் வேர்களில் அது சிக்கிக் கிடப்பதை நாம் தினமும் காண்கிறோம்.

செய்யத்தக்கது

ஆகவே பழமைக்குத் திரும்புவோம் என்று அழைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பழமையின் மலிவு, வண்ணார் பெண்ணின் மானத்தையும் வீட்டுப் பெண்ணின் உறக்கத்தையும் விலையாகக் கொண்டது. துணியை மீட்போம், அநீதியை மீட்க வேண்டியதில்லை.

துணி வாங்கும் குடும்பத்துக்குச் சொல்லத்தக்கவை சிலவே. தூய பருத்தியா என்று அறிய விலைச்சீட்டை நம்பவேண்டாம். நன்கு துவைத்த துணியின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளிழுத்தால் நல்லது. முத்தாய் நின்றால் வேண்டாம். தடித்த ஒற்றைத் துணியைவிட மெல்லிய அகலத்துணியை நான்காய் மடித்துக் கட்டுவது நன்று. விரித்துப் போட்டால் விரைவிற் காயும். குழந்தை வளர வளர மடிப்பை மாற்றலாம். புதுத்துணியாயின் கொதிநீரில் சோடாவிட்டு இரண்டு மூன்று முறை அவித்து நன்றாக அலசிய பின்னரே பயன்படுத்துக. கோடையில் பிறந்த குழந்தைக்கு இரண்டு டசின் போதும். கச்சான் வீசும் நாளில் துணி கொடியில் ஏறிய சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மாரியிலே பிறந்த குழந்தைக்கு மூன்று டசின் வேண்டும். இரவுக்கும் பயணத்துக்கும் எறியும் ஆடை ஒன்றைப் பயன்படுத்துவது குற்றமில்லை. பிரித்தானியச் சுற்றாடல் அமைப்பு 2008 இல் வெளியிட்ட ஆய்வு, துணியை நிறைய சேர்த்துத் துவைத்து, வெளியிலே காயவிட்டு, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் சூழலை வெப்பமாக்கும் வாயுக்களின் அளவு ஏறத்தாழ 40 வீதம் குறையும் என்றது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நமக்கு அந்த இலாபம் இன்னும் எளிது. துவைப்பது தந்தையின் வேலையுமாகும். கருவைச் சுமப்பதைத்தான் அவனால் பகிர முடியாது. வாளியைச் சுமப்பதைப் பகிரலாம்.

ஆயின் குடும்பத்தின் தெரிவு என்று சொல்லி இதனை முடித்துவிடலாகாது. பின்லாந்தை நோக்குங்கள். 1930களில் அதுவும் வறிய நாடே. 1938 முதல் வறிய தாய்மாருக்குக் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டியொன்றை அரசு வழங்கத் தொடங்கிற்று; 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் வழங்கிற்று. கருவுற்ற நான்காம் மாதத்திற்குள் சிகிச்சை நிலையத்துக்கு வந்து பதிவுசெய்வதே நிபந்தனை. பெட்டிக்காக வந்த தாய் மருத்துவத்தையும் பெற்றுச் சென்றாள். செல்வன் வீட்டுக் குழந்தையும் கூலி வீட்டுக் குழந்தையும் ஒரே வகை அணையாடையில் கிடந்தன.

நம் நாட்டிலே 2015 இல் கருவுற்ற தாய்மாருக்கு 20,000 ரூபா பெறுமதியான போசாக்குக் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. உணவை நினைத்தவர்கள் துணியையும் நினைக்கலாம். வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது நம்மிடம் இருக்கிறாள். தாய்மார் சிகிச்சை நிலையம் இருக்கிறது. மருதமுனையில் தறியும் அதனை இயக்கத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன. குறைவது ஒரு கட்டளை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று டசின் மென்பருத்தித் துணி என்று அரசோ மாகாண சபையோ கூட்டுறவுச் சங்கங்களோ அத்தறிகளுக்குக் கட்டளை கொடுத்தால், நெசவாளிக்கு ஆண்டு முழுவதும் வேலை, தாய்க்குக் கவலையில்லை, டொலருக்கு வேலையில்லை, வாவிக்கு ஆறுதல். பெரிய தறி வேண்டா. நுட்பமான கரை வேண்டா. குழந்தைத் துணி நெசவிலே மிக எளிய துணி.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்கு என்ன செய்யலாம்? அந்தந்த ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் ஓராண்டிற் பிறக்கும் குழந்தைகள் எத்தனை என்று கேட்டறியலாம். அவற்றுக்கு எத்தனை யார் துணி வேண்டும், அருகிலுள்ள நெசவாளர் என்ன விலைக்கு நெய்து தருவர் என்று கணக்கிடலாம். அந்தக் கணக்கைப் பிரதேச சபையின் மேசையில் வைக்கலாம். வறுமையைப் பற்றி நூறு கவிதை எழுதுவதைக் காட்டிலும் அந்த ஒரு தாள் கடினமானது, பயனுள்ளதும் ஆகும்.